பிரமை யாருக்கு, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பகுதியில் ஒரு வரி: "மழைக்கு முன் மூட்டு வலிக்கிறது என்பது முதியவர்களின் மனப்பிரமை." இத்தனை வருஷமும் பிரமையோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று தெரிவித்ததற்கு நன்றி. என் மனைவி தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி தேய்ந்தவள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கும் முன்பே "முட்டி குடையுது, பெரிய மழை இருக்கு" என்றாள். அப்புறம் ஏற்காட்டில் என்ன கொட்டு கொட்டியது, மலைப்பாதையில் எப்படி மண் சரிந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரியும், உள்பக்கத்து ஓரத்தில் போட்டிருந்தீர்கள். சென்னைத் தெருவில் தண்ணீர் நின்றால் முதல் பக்கம், எங்கள் மலை சரிந்தால் மூலை.

நான் சேலம் – ஏற்காடு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். காற்றழுத்தம் உடம்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சேலம் 300 மீட்டர்கூட உயரமில்லை, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்; 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து, தொண்டைக்குப் போகும் குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் பாடு. அந்தக் குழாய் ஒட்டிக்கொள்ளும், எச்சில் விழுங்கினால் அல்லது கொட்டாவி விட்டால்தான் திறக்கும், சளி பிடித்திருந்தால் அதுவும் சுலபமில்லை. ஏறும்போது தூங்கிக்கொண்டு வரும் கைக்குழந்தை இறங்கும்போது வீறிட்டு அழுவது இதனால்தான். "பால் கொடும்மா, காது விட்டுடும்" என்று சொல்லி எத்தனை பேரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன்! இதைப் பற்றி முன்பு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லை போலிருக்கிறது, அந்த வாரம் மலர்க் கண்காட்சிப் படங்களுக்கே அரைப் பக்கம் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் ஆதாரம் காட்டுவது 2017இல் வந்த அமெரிக்க ஆய்வு. ஒரு கோடிக்கும் மேலான மருத்துவமனை வருகைகளை மழை நாட்களோடு ஒப்பிட்டு, சம்பந்தமே இல்லை என்று முடித்தார்கள். இருக்கட்டும், ஆனால் அது டாக்டரிடம் வந்தவர்களின் கணக்கு. கொட்டும் மழையில் முட்டி வலித்தால் நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்போமா, அம்மாப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குப் போவோமா? 2019இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் தீராத வலி உள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் பேரைத் தினமும் செல்போனில் வலியைப் பதிய வைத்துப் பார்த்தார்கள். ஈரப்பதம் கூடி, அழுத்தம் குறைந்து, காற்றும் பலமாக அடிக்கிற நாளில் வலி கூடுகிறது என்று தெரிந்தது. கொஞ்சம்தான் கூடுகிறது, ஆனால் கூடுகிறது. இதை என் மகள் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். உங்கள் டாக்டரிடம் போன் இல்லையா?

புயல் சமயத்தில் குறையும் அழுத்தம் ஏற்காடு ஏறும்போது குறைவதில் சிறு பங்குதானே, அப்படியானால் பஸ் ஏறினாலே முட்டி வலிக்க வேண்டாமா என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈரமும் குளிரும் சேர்ந்துதான் வேலையைக் காட்டுகின்றன என்பது என் எண்ணம். என் மனைவியைக் கேட்டால் பஸ்ஸிலும் வலிக்கத்தான் செய்கிறது என்பாள், அது இருக்கை செய்கிற வேலை.

நான் கேட்பது ஒன்றுதான். தினமும் வானிலைக் கட்டத்தில் சேலத்துக்கு வெயில் அளவு மட்டும் போடுகிறீர்கள். பக்கத்தில் காற்றழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் போடுங்கள், ஏற்காட்டுக்கும் சேர்த்து. ராசிபலனில் ஆளுக்கு ஒரு வரி குறைத்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
அம்மாப்பேட்டை, சேலம்