டென்னிஸ் மட்டைக்குக் கட் (நரம்பு) போடும் அறையின் அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

டென்னிஸ் ஆடும் எங்கள் பெண் தோளில் காயம்பட்டு மாதக்கணக்கில் விலகியிருந்தது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஸ்கேன் படம், அறிக்கை, ஆறுதல் செய்திகள் எல்லாம் வந்து ஓய்ந்துவிட்டன. மறுபடி கிளற வேண்டாம். எங்கள் பெண் ஆடுகிறாள். இரட்டையர் டிராவில், அதாவது யாரோடு யார் மோதுவது என்ற பட்டியலில், இந்த வாரம் அவள் பெயர் ஜோடியின் பெயரோடு சேர்ந்து வந்திருக்கிறது. அந்தச் சந்தோஷம் சூடு ஆறுவதற்குள் பயிற்சியாளர், பிசியோ, வீட்டார் என எல்லோருமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் நீளம். ஆனால் ஆளுக்கு இரண்டு வரி என்று சமமாகப் பங்கிட்டால் அது உண்மையாக இருக்காது. எனவே முதலில் உங்களுக்கு, அக்கா.

தொடர் தொடங்குவதற்கு முந்தைய மாலை கட் போடும் அறை எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தரையிலிருந்து மேசை வரை மட்டைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. ஒரு மட்டைக்கு எப்படியும் இருபது நிமிடம். அந்த நெரிசலில் மூன்று மட்டைகளும் ஒரு படிவமும் உங்களிடம் வந்தன. படிவத்தில் பழைய கணக்கு: முழுக்கப் பாலி, அதாவது பாலியெஸ்டர் கட், 1.25 மி.மீ. தடிமன், 25 கிலோ இறுக்கம். காயத்திலிருந்து திரும்புகிற ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள். தோள் மாறியிருக்கும், சர்வ் வேகம் இறங்கியிருக்கும், படிவத்தில் இருக்கிற எண் மட்டும் அசையாது.

கேட்டதைக் கேட்டபடி போடுவதுதான் உங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. ஆட்டக்காரர் 25 என்றால் 25தான்; சொல்லாமல் அரைக் கிலோ குறைத்தால்கூட அது துரோகம். அந்த ஒழுங்கை நீங்கள் மீறவில்லை. பையின் அடியில், கட் அறுந்து, படிவத்தில் சேராமல் நான்காவதாக ஒரு மட்டை கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டீர்கள்: "இந்த 25 எப்பத்துக் கணக்கு? அடிபடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" பதில் வருவதற்குள் நீங்களே தொடர்ந்தீர்கள்: "மூணும் நீங்க எழுதினபடியே போடுறேன். இது ஒண்ணை மட்டும் என் இஷ்டத்துக்கு விடுங்க. பிடிக்கலைன்னா கத்தரிச்சுப் போட்டுடலாம். காசு வேணாம்."

அதற்கு நீங்கள் போட்டது நெடுக்கே, அதாவது மெயினில், இயற்கை கட், 1.30 மி.மீ., 24 கிலோ. குறுக்கே கிராஸில் பாலி, 1.25 மி.மீ., 23 கிலோ. அந்த இயற்கை கட் வேறு யாருக்கோ போட்டதில் மிஞ்சிய அரைச் சுருள், ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். விலை தெரிந்தவர்களுக்கு அந்த ஆறு மீட்டர் என்னவென்று தெரியும். போடுவதும் லேசில்லை. மாட்டுக் குடல் நாரில் செய்தது அது. எங்காவது மடிந்தால் மடிப்பில் பிரியும், கவ்வி அதிகம் இறுக்கினால் நசுங்கும், கிராஸ் இழுக்கும்போது ஒரே புள்ளியில் உரசினால் சூட்டில் அறுபடும். நீங்கள் கவ்வியின் பிடியைத் தளர்த்திவைத்து, பாலியை மேலும் கீழும் அசைத்து அசைத்து, அவசரமே இல்லாதவர் மாதிரி இழுத்தீர்கள். பின்னால் சீட்டு மாட்டிய மட்டைகள் வரிசையில் காத்துக் கிடந்தன.

ஏன் இது பலித்தது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே நிலையில் இன்னும் பல பெண்கள் இருக்கிறார்கள். பாலி விறைப்பானது. பந்தை முழு வீச்சில் சுழற்றி அடிக்கிறவர்களுக்கு அது வரம். ஆனால் போட்ட கையோடு அதன் இறுக்கம் இறங்கத் தொடங்கிவிடும். முதல் நாளிலேயே, ஒரு பந்துகூட அடிக்காமல் இறங்கும். இறுக்கம் போனபின்பும் அது இளகிக் கொடுப்பதில்லை, செத்துப்போய்விடுகிறது. பந்து ஆழமாகப் போகாது. ஆழம் கிடைக்காதபோது கை தானாகவே வேகத்தைக் கூட்டும். அப்படிக் கூட்டிய வேகத்தை ஒவ்வொரு அடியின் முடிவிலும் நிறுத்துகிற வேலை தோளின் பின்பக்கத்துச் சிறு தசைகளுடையது. காயம்பட்ட தோளில் அந்தத் தசைகள்தான் கடைசியாகத் தேறும்.

இரட்டையரில் இன்னொரு சங்கடம் உண்டு. பாதி ஆட்டம் வலையருகே. வாலியில், அதாவது பந்து தரையில் படுமுன் அடிப்பதில், வீச்சே கிடையாது. மட்டையை நீட்டிப் பிடித்தால் பந்து கட்டின் மேல் பட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கட் விறைத்திருந்தால் அந்தப் பந்து எதிரணிக்கு வாகாக நடுவில் விழும். மட்டை கைக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மெயின்தான். அங்கே இயற்கை கட் இருந்தால் கை சும்மா இருக்கும்போதே பந்து தள்ளிப் போகும், இறுக்கமும் நாள்பட நிற்கும். குறுக்கே இருக்கிற வழுவழுப்பான பாலியின் மேல் மெயின் சறுக்கித் திரும்புவதால் சுழலும் குறையாது. கெடுதல் என்றால், பாலி மெல்ல மெல்ல இயற்கை கட்டை அறுத்துவிடும், ஈரம் பட்டாலும் நார் பிரியும். அதனால் மழைத் தூறலில் அதை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்கள்.

இதோடு விட்டிருந்தாலே பெரிய உதவி. மறுநாள் காலையில் பையைத் திறந்தால் உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. கேட்ட மூன்று மட்டைகளையும் எடை போட்டிருந்தீர்கள்: 318 கிராம், 319, 324. மூன்றாவதில் கைப்பிடியின் பழைய மேல் பட்டையை உரிக்காமல் அதன் மேலேயே புதியதைச் சுற்றியிருந்ததால் வந்த ஐந்து கிராம். "எடை பிரச்சினை இல்லை, தடிமன்தான்" என்று அடியில் எழுதியிருந்தீர்கள். சரியாகச் சொன்னீர்கள். கைப்பிடியில் கூடும் எடை சுழற்சி எடையை, அதாவது வீசும்போது கை உணரும் பாரத்தை, ஏறக்குறைய மாற்றாது. அதே ஒரு கிராமைத் தலை நுனியில் ஒட்டினால் சுழற்சி எடை மூன்று புள்ளிக்கு மேல் ஏறும். ஆனால் பிடி தடித்துவிட்டால், எதிராளியின் சர்வைத் திருப்பும் ரிட்டர்னிலிருந்து வாலிக்குப் பிடி மாற்றும்போது விரல்கள் ஒரு கணம் பிந்தும். ஒற்றையரில் அந்த ஒரு கணம் தெரியாது. வலைக்கு நேர் எதிரே நிற்கிறவள் உடம்பைப் பார்த்து அடிக்கும்போது தெரியும்.

சீட்டின் கடைசி வரி: "புதுப் பந்துக்கு மூணுல ஒண்ணு. பந்து பஞ்சு விட்டதும் நாலாவது."

பந்து மாற்றுவது பொதுவாக முதலில் 7 கேம் முடிந்து, அதன்பின் 9 கேமுக்கு ஒருமுறை. புதுப் பந்து பறக்கும், அதை அடக்க இறுக்கமான கட் வேண்டும். அடிபட்டுப் பஞ்சு எழும்பிய பந்து காற்றில் தயங்கும், அதைத் தள்ளிவிட இளகிய கட் வேண்டும். அனுபவசாலிகள் செய்வதுதான். ஆனாலும், தோள் கவலையில் மூழ்கிக் கிடந்த ஒரு குழுவுக்கு அதை யாராவது நினைவூட்ட வேண்டியிருந்தது.

இரட்டையர் ஆட்டத்தில் பழகிக்கொள்ள நேரமே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொழில்முறைத் தொடர்களில் 40-40 ஆகிவிட்டால் அட்வான்டேஜ் (இரண்டு பாயின்ட் முன்னிலை பெறும் முறை) இல்லை, ஒரே பாயின்ட்டில் கேம் முடியும். எந்தப் பக்கத்திலிருந்து ரிட்டர்ன் செய்வது என்பதை எதிர்கொள்ளும் ஜோடி தேர்ந்தெடுக்கும். ஆளுக்கு ஒரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக். கிராண்ட்ஸ்லாமில்தான் முறை வேறு. இப்படிச் சுருங்கிய ஆட்டத்தில், கட் அறுந்து அடுத்த மட்டையை எடுத்ததும் முதல் பந்தே கேமைத் தீர்க்கிற பந்தாக இருக்கலாம். "இரண்டு கேம் ஆடினால் கைக்குப் பழகிவிடும்" என்ற பேச்சு ஒற்றையர்காரர்களுக்குப் பொருந்தும். இரட்டையர் ஆடுகிறவளுக்கு நான்கு மட்டையும் ஒரு மட்டையாக இருக்க வேண்டும். வேறுபட்டால், எது எப்படி வேறுபடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சீட்டு செய்தது அதைத்தான்.

அக்கா, பரிசுப் பணம் ஜோடிக்கென்று அறிவிக்கப்படுவது, அதில் பாதிதான் ஒருத்திக்கு வருவது, அதிலிருந்துதான் விமானம், அறை, பிசியோ, கட் கூலி எல்லாம் போக வேண்டும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "காசு வேணாம்" என்று நீங்கள் சொன்னது எங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறோம்.

இனி மற்றவர்கள். ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். அவளுடைய ஜோடிக்கு நன்றி. இரண்டு பேரின் தரவரிசையையும் கூட்டித்தான் நுழைவு தீர்மானமாகிறது. காயத்தால் விலகியவர்களுக்கென்று பாதுகாக்கப்பட்ட பழைய தரவரிசையைக் குறிப்பிட்ட சில தொடர்களுக்கு மேல் பயன்படுத்த முடியாது. அது தீர்ந்தபின் கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தும், வேறு அழைப்புகளை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். சர்வ் வரிசையில் ஒவ்வொரு செட்டிலும் முதலில் தானே நின்றாள். எங்கள் பெண் வேகத்தைக் குறைத்து நடுக்கோட்டை நோக்கி முதல் சர்வை உள்ளே போடுவது மட்டும் போதும், மீதியை வலையருகே தான் பாய்ந்து முடித்துக்கொள்வதாகச் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். தினமும் ரப்பர் பட்டையோடு தோளைச் சுழற்றவைத்த சிகிச்சையாளர்களுக்கும், கடைசி நேரத்தில் பதிவுப் பட்டியல் மூடும் மணியை நினைவூட்டிய தொடர் அலுவலகத்தாருக்கும், தோளுக்கு மேலே ஒரு பந்துகூட அனுப்பாமல் பொறுமையாக அடித்துக் கொடுத்த பயிற்சித் துணைகளுக்கும், எதிர் ஜோடியாக இருந்தும் ஐஸ் பையை நீட்டியவர்களுக்கும் நன்றி.

நேரில் அறியாத சிலருக்கும் சொல்ல வேண்டும். சானியா மிர்சா 2018 அக்டோபரில் தாயாகி, 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாடியா கிச்செனோக்குடன் இறங்கி, திரும்பிய முதல் தொடரிலேயே பட்டம் வென்றார். 2019இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஷே சூ-வேயும் பார்போரா ஸ்ட்ரிட்சோவாவும், இடையில் இருவருமே ஆட்டத்தை விட்டு விலகியிருந்து, 2023இல் அதே கோப்பையை மறுபடி தூக்கினார்கள். குவெட்டா பெஷ்கே இரட்டையரில் உலக முதலிடம் பிடித்தபோது வயது 35 கடந்திருந்தது. ஒற்றையரில் முப்பது தாண்டினால் ஓய்வு எப்போது என்று கேட்பார்கள். இரட்டையரில் அந்த வயதில்தான் பலருக்கு ஆட்டமே பிடிபடுகிறது. படுக்கையில் கிடந்த மாதங்களில் எங்கள் பெண் திரும்பத் திரும்பக் கேட்டது இந்தக் கதைகளைத்தான்.

ஒரு தீர்மானமும் செய்திருக்கிறோம். இனி எங்கள் பையில் இருக்கும் ஒவ்வொரு மட்டையிலும் ஐந்து விவரம் எழுதி ஒட்டுவோம்: எந்தக் கட், என்ன தடிமன், எத்தனை கிலோ, எந்தத் தேதி, எந்த வகை இயந்திரம். கடைசியது முக்கியம். விடாமல் இழுத்துப் பிடிக்கும் மின்சார இயந்திரத்தில் போட்ட 24உம், இழுத்ததும் பூட்டிக்கொள்ளும் கை இயந்திரத்தில் போட்ட 24உம் ஒன்றல்ல. பின்னது இளகியே வரும். சின்னத் தொடர்களுக்குப் போகிற பெண்கள் ஊருக்கு ஊர் இயந்திரம் மாறுவதைக் கவனிக்காமல் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். எங்களிடம் பயிற்சிக்கு வரும் சிறுமிகளுக்கு சர்வ் சொல்லித்தருகிற அதே வாரத்தில் சமையல் தராசில் மட்டையை எடை போடவும் சொல்லித்தருவோம்.

அக்கா, அந்த நான்காவது மட்டையில் இப்போது மெயின் தேய்ந்துவிட்டது, இரண்டு ஆட்டம்கூடத் தாங்காது. அடுத்த தொடரில் அதை முறையாகப் படிவத்தில் எழுதித்தான் கொடுப்போம்: மெயின் 24, கிராஸ் 23. உங்கள் அரைச் சுருளுக்கு ஈடாக ஒரு முழுச் சுருள் வாங்கி வைத்திருக்கிறோம். கூலியையும் இந்த முறை நீங்கள் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். போன முறை விட்டதையும் சேர்த்து.

அன்புடன்,
அவளுடைய குழுவினர்