நசுக்குவதற்கு முன் இலையின் அடியைப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பள்ளித் தோட்டத்து அவரைக் கொடியில் கருகருவென்று, சின்ன முதலை மாதிரி ஏதோ ஊர்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். யோசிக்காமல் “நசுக்கிப் போடுங்கப்பா” என்றேன். இருபது முப்பது போயிருக்கும். அறிவியல் ஆசிரியை வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவை பொறிவண்டின் புழுக்கள். கொடி நுனியில் அப்பிச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த அசுவினி என்ற பொடிப் பூச்சிகளைத் தின்ன வந்தவை. சிவப்பு வண்டைத் தெரிந்த எனக்கு அதன் குஞ்சைத் தெரியவில்லை.

நம் பக்கம் மரவள்ளியும் மல்பெரியும் வைத்தவர்களுக்கு, 2008-ல் கோவையில் தென்பட்டுப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி மறந்திருக்காது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவித்துப் பெருக்கி விட்ட, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. எறும்பைவிடச் சிறியது, நம்மைக் கொட்டாது.

பிள்ளைகளிடம் இன்று செண்டுமல்லி, தட்டைப்பயறு விதை கொடுத்தனுப்புகிறோம். வெண்டை, கத்தரி ஓரமாக ஊன்றட்டும். மாடித் தொட்டியானாலும் சரி. தட்டைப்பயற்றில் அசுவினி ஏறும். ஏறட்டும், அதைத் தேடித்தான் பொறிவண்டு வரும். கொத்தமல்லியை மொத்தமாகப் பறிக்காமல் நாலு செடியைப் பூக்க விடுங்கள். வாய் சிறுத்த குளவிகளுக்கு அந்தப் பொடிப் பூவில்தான் தேன் எட்டும். இலையடியில் மயிரிழைக் காம்பின் நுனியில் ஒற்றை முட்டை நின்றால் பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, அதன் புழுவும் அசுவினி தின்னும்.

எறும்பு வரிசையை மட்டும் தண்டடியிலேயே தடுங்கள். அசுவினி கசியும் இனிப்புக்காக எறும்பு காவல் நின்று பொறிவண்டை விரட்டும். கத்தரி இலையைச் சல்லடையாக அரிக்கும், 28 புள்ளியுள்ள மங்கல் நிற வண்டுக்கும் கருணை வேண்டாம். பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

பூத்த செடிமேல் பகலில் எதையும் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட. தெளித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு.

வீட்டுச் செடியில் பார்த்ததைப் பிள்ளைகள் திங்கட்கிழமை நோட்டில் வரைந்து வர வேண்டும். தீப்பெட்டியில் உயிரோடு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். என் மேசையில் ஏற்கெனவே மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று காலி, உள்ளே இருந்தது எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்