பனர் ஃபைலைத் திரும்ப அனுப்பு, மகள்

திருகோணமலை
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

தண்ணீர்ப் பந்தலுக்கு நீ செய்த பனர் வந்து சேர்ந்தது. கோணேசர் கோபுரத்தையும் கீழே நீலக் கடலையும் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதை அப்படியே கடை அச்சு மெஷினுக்கு விட எனக்கு மனம் வரவில்லை. போனில் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வட்ஸ்அப்பில் அனுப்பினாய் அல்லவா, அது சுருங்கி 1600 பிக்சல் அகலத்தில் வந்திருக்கிறது. நம் பனர் 20 அடி, அதாவது 240 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஏழு பிக்சல், அதாவது படத்தின் ஏழு புள்ளிகூட, வராது. ரோட்டில் உயரத்தில் கட்டுவதென்றால் அங்குலத்துக்கு 72 போதும். பந்தலில் சனம் பனருக்குப் பக்கத்திலேயே நின்று மோர் குடிக்கும், அங்கே 100 வேண்டும். கோபுரப் படம் 5 அடி அகலம்தானே, 6000 பிக்சல் இருந்தால் சரி. தம்பி கமராவில் எடுத்த மூலப்படம் அந்த அளவுதான், அதையே வை. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்காதே.

நீ வடிவமைக்கிற இலஸ்ட்ரேட்டர் மென்பொருளில் சாதாரணப் பக்கம் 227 அங்குலத்தோடு நின்றுவிடும். அதனால் பத்தில் ஒரு பங்காக, 24 அங்குலத்தில் செய். அந்த அளவில் படம் அங்குலத்துக்கு 1000 பிக்சல் காட்ட வேண்டும், நான் பத்து மடங்கு பெருப்பிக்கும்போது 100 ஆகிவிடும்.

நிறத்தை சிஎம்வைகே-க்கு, அதாவது சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைக்கு, மாற்றிப் பார். திரையில் மினுங்கும் அந்த நீலம் நான்கு மையில் வராது, மங்கித்தான் போகும். மங்கியதைப் பார்த்து நீயே உன் கண்ணால் சரிசெய், நான் கை வைத்தால் உன் கடலாக இருக்காது. பின்புலக் கறுப்புக்குக் கறுப்பு மை மட்டும் போட்டால் வெளிறித் தெரியும். நான்கு மையையும் அதே வரிசையில் 60, 40, 40, 100 வீதம் கலந்து வை. சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பே நல்லது.

எனக்குப் பெரிய பயம் எழுத்துத்தான். கடை தொடங்கின புதிதில், ஓர் அந்தியேட்டி வீட்டுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பனர் செய்தேன். வீட்டு கொம்பியூட்டரில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும், எழுத்துரு மாறினால் எழுத்தே மாறிவிடும். மற்ற வரிகளை எல்லாம் அவுட்லைன் ஆக்கினேன், அதாவது எழுத்தை எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றினேன், பெயர் வரியை மறந்துவிட்டேன். கடை மெஷின் வேறு தமிழ் எழுத்துருவைப் பிடித்துக்கொண்டது, பெயரில் ஓர் எழுத்து வேறாக விழுந்தது. நான் கவனிக்கவில்லை. ஏணியில் நின்று கயிறு கட்டிய அந்த வீட்டு மகன்தான் கண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்த்து, பனரைச் சுருட்டி என் கையில் தந்தான். அன்றிலிருந்து எந்தப் பெயரையும் எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்த பிறகுதான் அடிக்கிறேன்.

உன் பனரிலும் 'திருக்கோணேஸ்வரம்' உடைந்திருக்கிறது. 'ணே'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. நீ இப்போது எங்கும் பொதுவான யூனிகோடில் அடித்திருப்பாய், பிழை உன்னுடையதல்ல. இலஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான தெரிவைப் போட்டால் சரியாகிவிடும். சரியானதும் ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டு, மற்றதில் எல்லா எழுத்தையும் தெரிவுசெய்து கன்ட்ரோல், ஷிப்ட், ஓ அழுத்து. அவுட்லைன் ஆக்கிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, அதனால்தான் தனிப் பிரதி.

அப்புறம், ஓரம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, ஓரத்தை மடித்து ஒட்டி வளையம் அடிக்காவிட்டால் இரண்டு நாளில் கிழிந்துவிடும். கீழே இருக்கிற வரி மடிப்புக்குள் போகிறது. நான்கு பக்கமும், பனரின் முழு அளவில் அரை அடி விட்டு, உள்ளே தள்ளு.

படத்தை உள்ளேயே சேர்த்து, பிடிஎஃப் ஆக்கி, கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பு. புதன்கிழமைக்குள் வந்தால் வியாழன் அடித்து வெள்ளி கட்டிவிடலாம். அனுப்பமுன் அந்த 'ணே'யை மட்டும் பெரிதாக்கி ஒருமுறை பார், பிள்ளை.

அன்புடன்,
அப்பா