ரெசுமே கடைசியில்தான்: ஸ்காபரோவிலிருந்து ஒரு கடிதம்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
8 பெப்ரவரி 2026

அன்பின் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பனிதான் இன்னும் விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? எண்ணெய் பூசுவதோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போ.

உங்கள் மாதர் சங்கத்தில், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களுக்கு வேலை எடுத்துக் கொடுக்கப் போவதாகவும், நாங்கள் இங்கே அதை எப்படிச் செய்கிறோம் என்றும் கேட்டிருந்தாய். “கனடாவில் வேலைக்கு என்ன பஞ்சம், ஆங்கிலம் தெரிந்தால் போதும்தானே” என்றும் எழுதியிருந்தாய். ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் எங்களிடம் வரும் பெண்களை வீட்டோடு மறித்து வைத்திருப்பவை அனேகமாகக் கடதாசியும் நேரமும், பிறகு வீட்டுக்குள் இருக்கும் ஆளும்தான். ஆங்கில வகுப்புக்குக்கூட இந்த மூன்றையும் தாண்டித்தான் வரவேண்டும்.

முதல் வேலை, ஆட்களைத் தேடிப் போவது. உண்மையிலேயே சிக்கலில் இருப்பவள் தானாக ஒரு அலுவலகப் படி ஏறமாட்டாள். அதனால் தமிழ்க் கடை, கோயில் மண்டபம், பள்ளிக்கூட வாசல், இலவச உணவு கொடுக்கும் இடம், மாடிக் கட்டிடங்களின் கீழே உடுப்புத் தோய்க்கும் அறை என்று போகிறோம். துண்டுப் பிரசுரத்தில் “வன்முறை” என்ற சொல்லே இருக்காது. “வேலை, வகுப்பு, பிள்ளை பராமரிப்பு” என்று மட்டும் போடுவோம். அப்படியென்றால்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விசிட்டிங் கார்ட் அளவில் ஒரு சின்ன அட்டையை டாக்டர் கிளினிக்கில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுவோம். யாரும் பார்க்காமல் நம்பரை எழுதக்கூடிய இடம் அது ஒன்றுதான். தொலைபேசியில் முதல் கேள்வி “இப்ப கதைக்கலாமா?” என்பது. குரல் பதிவு விடுவதில்லை. மொழிபெயர்க்கப் பிள்ளையையோ மச்சாளையோ இருத்துவதும் இல்லை.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். தமிழ் ஆள் என்பது எப்போதும் நன்மை இல்லை. ஸ்காபரோ ஊர் மாதிரி. யாருடைய மருமகள் யாரிடம் போனாள் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். அதனால் தமிழர் அல்லாத ஒருவரோடு, தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கதைக்க விருப்பமா என்று முதலிலேயே கேட்போம். ஆம் என்பவர்கள் நீ நினைப்பதைவிடக் கூட. உங்கள் ஊரிலும் இது பொருந்தும்: பக்கத்து ஊர்ச் சங்கத்து ஆளிடம் அனுப்ப ஒரு வழி வைத்திரு.

முதல் சந்திப்பில் ரெசுமே, அதாவது வேலைக்குக் கொடுக்கும் சுயவிபரக் கடதாசி, எழுதமாட்டோம். கடதாசியைப் பார்ப்போம். அகதிக் கோரிக்கை வைத்திருப்பவளுக்கு வேலை அனுமதி இருக்கவேண்டும். அவளுடைய சின் நம்பர் (சம்பளத்துக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) 9இல் தொடங்கும், அனுமதி முடியும் திகதியோடு அதுவும் முடியும். அனுமதியைப் புதுப்பித்துவிட்டு சின் பதிவைப் புதுப்பிக்க மறந்தால் சம்பளப் பிரிவு வேலையை நிறுத்திவிடும். அது நல்லாய் வேலை செய்பவளுக்கும் நடக்கும். முடிவதற்கு மூன்று மாதத்துக்கு முதலே கலண்டரில் குறித்து வைக்கச் சொல்வோம். சின் நம்பர் எடுக்கக் கட்டணம் இல்லை. அதற்குக் காசு வாங்குபவன் ஏமாற்றுகிறான்.

அடுத்தது பெயர். எங்கள் ஆட்களுக்கு இது தனித் தலையிடி. பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுதாய் வரும். கலியாணத்துக்குப் பிறகு எடுத்த கடதாசியில் புருசன் பெயர் ஏறியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மூன்றிலும் மூன்று விதம். கனடாப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒருநாள் தகப்பன் பெயரையும் மறுநாள் புருசன் பெயரையும் எழுதினால் வங்கிக்கும் வரிப் பகுதிக்கும் அவள் இரண்டு ஆள். எல்லாவற்றையும் குடிவரவுக் கடதாசியில் உள்ள எழுத்துக்கே கொண்டுவந்து, பழைய சான்றிதழுக்கு “இருவரும் ஒருவரே” என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைப்போம். வேலை கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால் கஷ்டம்.

இனி நேரம். இதுதான் கூடுதலான வேலைகளைத் தின்பது. பக்டரியில் காலை சிஃப்ட் 7 மணிக்கு. டேகேர் பல 7 அல்லது 7:30க்குத்தான் திறக்கும், பின்னேரம் 6 மணிக்குப் பூட்டும். டேகேரில் பிள்ளையை விட்டு, இரண்டு பஸ் மாறி, பனியில் நடந்து போனால் அவள் 8:45க்குப் போய்ச்சேருவாள். அந்த வேலை அவளுக்கு இல்லை, எவ்வளவு கெட்டிக்காரியாய் இருந்தாலும். ஆகவே விளம்பரத்தைப் பார்க்க முதல் ஒரு கடதாசியில் பின்பக்கமாய்க் கணக்குப் போடுவோம்: டேகேர் கதவு, பஸ் நேரம், நடை, உடுப்பு மாற்றும் பத்து நிமிடம். அதற்குள் அடங்கும் வேலையைத்தான் தேடுவோம். ஹோட்டல் அறை துப்புரவு, பள்ளிக்கூட மதிய உணவு மேற்பார்வை, அலுவலகச் சமையலறை போன்றவை அனேகமாக அடங்கும். மதிய உணவு மேற்பார்வை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் அளவுதான். ஆனாலும் அதற்கு பொலிஸ் சோதனைக் கடதாசி எடுக்கவேண்டும், நாளைக்கு உத்தரவாதம் சொல்ல ஒரு மேலாளரும் கிடைப்பார். அந்த இரண்டும் அடுத்த வேலைக்குக் கதவு.

அரசு ஒப்பந்தத்தில் உள்ள டேகேரில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது. விலை இறங்கியது நல்லது, ஆனால் இடம் இல்லை. குறைந்த வருமானக்காரருக்கு நகரசபை தரும் உதவிப் பணத்துக்கும் காத்திருக்கவேண்டும். பெயரை முதல் கிழமையே இரண்டு பட்டியலிலும் போடுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டேகேர் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடும். சட்டப்படி ஒரு வருடத்தில் மூன்று நாள் நோய் விடுப்பும் மூன்று நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பும் உண்டு, சம்பளம் இல்லை. அதுவும் இரண்டு கிழமை தொடர்ந்து வேலை செய்த பிறகுதான். அதனால் முதல் இரண்டு கிழமைதான் கண்டம். அந்த நாட்களுக்கு மட்டும் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள், அவர் வராவிட்டால் இன்னொரு ஆள் என்று பெயரும் நம்பரும் எழுதாமல் யாரையும் வேலைக்கு அனுப்புவதில்லை.

வீட்டில் அடி உதை உள்ளவளின் விசயம் வேறு. சம்பளம் கூட்டுக் கணக்குக்குப் போனால் அவள் அவனுக்காகத்தான் உழைக்கிறாள். அடையாள அட்டை இருந்தால் போதும், வேலையோ முற்பணமோ இல்லாமல் தனிக் கணக்குத் திறக்கலாம். வங்கிக் கூற்று வீட்டுக்குத் தபாலில் வராதபடி அந்த இடத்திலேயே சொல்லவேண்டும். “நான் ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவன், விட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்” என்பது இங்கே பழைய மிரட்டல். ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது: இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சிலருக்கு பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவுரிமை, கொடுத்தார்கள். 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். பி.ஆர். கிடைத்தவளைப் புருசன் அனுப்ப முடியாது. இன்னும் கிடைக்காதவளை முதலில் சட்ட உதவிக்கு அனுப்புவோம், வேலை பிறகு. வீட்டு வன்முறைக்கென்று விடுப்பும் இருக்கிறது: 13 கிழமை வேலை செய்திருந்தால் வருடத்தில் 10 நாளும் மேலே 15 கிழமையும், முதல் ஐந்து நாள் சம்பளத்தோடு. வேலை கொடுப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

“வேலைக்குப் போனால் வெல்ஃபேரை வெட்டிவிடுவார்கள்” என்று, வருமானம் குறைந்தவருக்கு அரசு தரும் உதவிப் பணத்தைப் பற்றிய பயம் எல்லாரிடமும் உண்டு. முழுதாய் வெட்டமாட்டார்கள். மூன்று மாதம் உதவி எடுத்த பிறகு, உழைப்பில் மாதம் முதல் 200 டொலரைத் தொடமாட்டார்கள், அதற்கு மேல் உள்ளதில் பாதியைத்தான் கழிப்பார்கள். கழித்தது எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று அவள் முன்னாலேயே எழுதிக் காட்டினால்தான் நம்புவாள். மாதா மாதம் வருமானத்தைச் சொல்லாமல் விட்டால்தான் சிக்கல், பிறகு மொத்தமாய்த் திருப்பிக் கேட்பார்கள். வெயர்ஹவுஸ் வேலைக்குப் பாதுகாப்பு முத்திரையாகப் பச்சை முக்கோணம் குத்திய இரும்பு முனைச் சப்பாத்து வேண்டும், விலை நூறு டொலரைத் தாண்டும். அதற்கு அவளுடைய உதவிப் பணத்தைக் கவனிக்கும் கேஸ் வேர்க்கரிடம் கேட்கலாம். கேட்காதவளுக்குத் தரமாட்டார்கள்.

ஏஜென்சிகளில் கவனம். 2024 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் தற்காலிக வேலை ஏஜென்சிக்கு உரிமம் கட்டாயம், பட்டியலை யாரும் பார்க்கலாம். வேலை எடுத்துத் தர உழைப்பாளியிடம் காசு வாங்கக்கூடாது. குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்டோபரிலிருந்து மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. விடுமுறைச் சம்பளம் நூற்றுக்கு நாலு. முதல் சம்பளச் சீட்டை எங்களிடம் கொண்டுவரச் சொல்வோம். சீட்டே இல்லாமல் கையில் காசு என்றால், வேலை போன அன்று அவளிடம் எந்தப் பதிவும் இருக்காது. வேலையிழப்புக் காப்புறுதிக்கு இடத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் காட்டவேண்டும். கூலி நிலுவைக்கு இரண்டு வருடத்துக்குள் முறைப்பாடு கொடுக்கலாம். அதற்காகத்தான் போன நேரம், வந்த நேரத்தை ஒரு கொப்பியில் எழுதச் சொல்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு ரெசுமே. ஒரு பக்கம், கூடினால் இரண்டு. படம், வயது, சமயம், கலியாணம் எதுவும் போடக்கூடாது. பத்து வருடம் பிள்ளை வளர்த்ததை ஒளிக்கவும் வேண்டாம், குடும்பப் பராமரிப்பு என்று வருடத்தோடு போடலாம். சங்கத்தில் கடன் கணக்கு எழுதியவள் “வீட்டில் இருந்தேன்” என்றுதான் சொல்வாள். எத்தனை உறுப்பினர், மாதம் எவ்வளவு காசு, யார் கணக்குப் பார்த்தது என்று தோண்டிக் கேட்டால் அது காசாளர் வேலை. கனடா அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்தில் போடுவதை 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத் தடை செய்திருக்கிறார்கள். விளம்பரத்தில் போடாவிட்டாலும் மனதில் வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் நல்லது.

உன்னால் இங்கே ஒரு உதவி ஆகும். 2009இல் போரில் எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்களிடம் ஓ.எல்., ஏ.எல். (சாதாரண தர, உயர்தரப் பரீட்சை) சான்றிதழ் இல்லை. பெலவத்தைப் பரீட்சைத் திணைக்களம் பிரதி கொடுக்கும், ஆனால் பரீட்சை வருடமும் சுட்டெண்ணும் தெரிந்தால் வேலை சுலபம். பலருக்குச் சுட்டெண் மறந்துவிட்டது. பழைய பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பதிவேட்டிலோ, கூடப் படித்த ஒருத்தியின் சான்றிதழை வைத்தோ கண்டுபிடிக்கலாம், ஒரே மண்டபத்தில் எழுதியவர்களின் எண்கள் அனேகமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கொலிஜில் சேர 19 வயது நிரம்பியவர் நுழைவுச் சோதனை எழுதியும் போகலாம், ஆனால் கடதாசி உள்ளவள் அந்தச் சோதனை எழுதத் தேவையில்லை. கேட்பவர்களின் சம்மதத்தோடு பெயர், பள்ளிக்கூடம், வருடம் எழுதி அனுப்புகிறேன். அதிபரை எந்த நாளில் பார்க்கலாம் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அக்கா