புதுசா கேமுக்கு வாறவங்க எந்த ரோல் எடுக்கிற?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஒன்லைன் கேமால பொடியன்கள் கெட்டுப்போறாங்க எண்டு மட்டும்தான் பேப்பர்ல வருது, எப்பிடி விளையாடுற எண்டு ஒருத்தரும் எழுதுறல்ல, அதான் நான் எழுதுறன். வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் எண்ட ஒன்லைன் கேம்ல டன்ஜனுக்கு (எதிரிகள் நிறைஞ்ச குகை மாதிரி இடத்துக்கு) சேந்து போற 5 பேர்ல முன்னுக்கு நிண்டு அடி வாங்குற டேங்க் 1, மற்றவங்கட காயத்த ஆத்துற ஹீலர் 1, மற்ற 3 பேரும் அடிக்கிறவங்க, அதால ஹீலர் எடு குரூப் கெதியா கிடைக்கும் எண்டு எல்லாரும் புதுப் பொடியனுக்குச் சொல்லிக் குடுக்கிற. கிடைக்கும்தான், ஆனா ஒருக்காப் பிழைச்சா மிச்ச நாலு பேரும் சேந்து ஏசுவாங்க, அதோட அவன் கேமையே விட்டுருவான். டேங்க் எடுக்கிறதும் லேசில்ல, அவனுக்கு டன்ஜன்ல போற வழியும் தெரிஞ்சிருக்கணும்.

என்னக் கேட்டா ஹண்டர்தான், அடிக்கிறவங்கள்ல ஒரு வகை, வேட்டைக்காரன். வளக்கிற மிருகம் முன்னுக்குப் போய் எதிரியப் பிடிச்சி வெச்சிருக்கும், நாம தள்ளி நிண்டு அம்பு விட்டாச் சரி. இஞ்ச கல்லடியில மழ பெஞ்சா டேட்டா இழுக்கிற இழுவைக்கு கொஞ்சம் லேக் ஆகி கேம் பிந்தினாலும் உடன சாக மாட்டம்.

பில்ட் எண்டா, அதாவது ஆள எப்பிடி வளக்கிற எண்டா, பலம், புத்தி எண்டு பொயின்ட் போட விடுற கேம்கள்ல பொயின்ட்ட எல்லாத்திலயும் தூவாதீங்க, மந்திரக்காரனுக்கு பலத்த ஏத்தி ஒரு பிரயோசனமும் இல்ல. இப்ப வார்கிராஃப்ட்ல டேலண்ட (ஆளுக்குத் தெரிவு செய்யிற திறமைகள) சும்மாவே மாத்தலாம், ஃபைனல் ஃபேன்டசி 14 எண்ட மற்ற ஒன்லைன் கேம்ல ஒரே ஆள வெச்சே எல்லா ஜொப்பும் (டேங்க், ஹீலர் மாதிரி ஆள்ட வேலை வகை) பழகலாம், அதால ஆள அழிச்சி அழிச்சித் திரும்பத் தொடங்கத் தேவல்ல.

சிறுவர் பக்கத்தில இதுக்கும் கொஞ்சம் இடம் தாங்க.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.