ஐந்தாம் இன்னிங்ஸுக்குப் பிறகு

பிட்ஸ்பர்க்
நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. வீட்டில் இடம் போதவில்லை என்று மேலே ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தாய். இரண்டு படுக்கையறை உள்ள வீட்டில், இருவர் மட்டுமே இருக்கும் இடத்தில், சில பேஸ்பால் ஸ்கோர் புத்தகங்களுக்கும் ஒரு பழைய கையுறைக்கும் எப்படி இடமில்லாமல் போயிற்று என்று அப்பா கேட்டார். வேண்டாததைக் கழித்திருப்பான் என்று நான் சொல்லிவைத்தேன். அவர் நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நம் பைரேட்ஸ் அணியின் பந்துவீச்சாளன் ஸ்கீன்ஸுக்கு, லீகின் சிறந்த பந்துவீச்சாளனுக்குக் கொடுக்கும் சை யங் விருது கிடைத்ததை நீ நிச்சயம் பார்த்திருப்பாய். வாக்களித்தவர்களில் ஒருவர்கூட வேறு பெயரை முதலிடத்தில் எழுதவில்லை. அன்றிரவு தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023இல் அவனை முதல் ஆளாக எடுத்தபோதும், அடுத்த ஏப்ரலில் உங்கள் ஊர் இண்டியானாபொலிஸில், நம் கீழ்நிலை அணி ஆடும் விக்டரி ஃபீல்டில் அவன் வீசியபோதும், மே 11 அன்று இங்கே கப்ஸ் அணிக்கு எதிராக முதன்முதலில் இறங்கியபோதும் நீதான் எனக்கு முதலில் சொன்னாய். கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் பின்வரிசை வரை கேட்கிறது என்று நீ எழுதியதை நான் கோயிலுக்கு வரும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், அவர்களில் பாதிப் பேருக்குப் பேஸ்பால் தெரியாது என்றாலும்.

ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ஓட்டம் என்ற சராசரியோடு ஆண்டு முழுவதும் வீசியவனுக்கு வெற்றி 10, தோல்வி 10 என்று கணக்கு முடிந்திருக்கிறது. நம் மட்டையாளர்கள் ஓட்டம் எடுத்துக் கொடுக்காததற்கு அவன் என்ன செய்வான்? 71 வென்று 91 தோற்ற அணியில் இருந்துகொண்டு ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் கைகொடுக்கவில்லை என்றால் அந்தத் தோல்வியையும் அவன் பெயரில்தான் எழுதுகிறார்கள். இந்தக் கணக்கு முறை எனக்கு என்றைக்குமே சரியாகப் பட்டதில்லை.

ஹென்றி டேவிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் நாடு முழுவதிலுமிருந்து முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பையன், இந்த ஆண்டு மட்டைச் சராசரியில் .200ஐக்கூடத் தொடவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் அவன் ஆட வரும்போதெல்லாம் முணுமுணுப்பார். ஆனால் ஸ்கீன்ஸ் வீசிய பல ஆட்டங்களில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடித்தவன் அவன்தான். விருது வாங்கியவனுக்கு அவன் எவ்வளவு உதவியாக இருந்தான் என்பது பத்திரிகையில் வரும் எண்களில் தெரியாது. முதலிடத்தில் எடுக்கப்பட்டவன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு வாழ்வது எத்தனை கடினம் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் மூத்த பிள்ளையும் ஏறக்குறைய அப்படித்தான்.

இளம் பந்துவீச்சாளன் சாண்ட்லர் விஷயத்தில் நீயும் நானும் கோடை முழுவதும் சண்டை போட்டோம். போட்டோம் என்பதைவிட, ஜூன் வரை போட்டோம் என்பதே சரி. கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடப் போக இருந்தவனை 2021இல் மூன்றாம் சுற்றில் எடுத்த நாள்முதல் நீ அவனை விடாமல் பின்தொடர்ந்தாய். அவன் தயாராக இருந்தும் மேலே கூப்பிடாமல் இண்டியானாபொலிஸிலேயே வைத்திருக்கிறார்கள், பெரிய அணியில் 172 நாள் சேர்ந்தால் ஓர் ஆண்டு, ஆறு ஆண்டு சேர்ந்தால் அவன் விரும்பிய அணிக்குப் போய்விடலாம் என்பதால் நாளை எண்ணிக்கொண்டு காக்க வைக்கிறார்கள் என்று நீ வாதாடினாய். வாக் அதிகம் கொடுத்து ஆட்களைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புகிறான், கட்டுப்பாடு வரட்டும் என்று நான் சொன்னேன். ஆகஸ்டு 22 அன்று அவனைக் கூப்பிட்டார்கள். அன்றே கடைசி நான்கு இன்னிங்ஸையும் ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் வீசி முடித்தான். ‘பார்த்தாயா அம்மா’ என்று நீ குத்திக்காட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டுச் சொன்னபோது, ‘அப்படியா, நல்லது’ என்றாய். நான்கு ஆண்டு நீ வளர்த்த பிள்ளை அவன். அவனுக்கு அவ்வளவுதானா?

நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. ஸ்கோர் புத்தகங்களைத் திறந்து பார்த்தேன். எனக்கு அனுப்பியிருக்கிறாய் என்றால் பார்ப்பதற்குத்தானே என்று நினைத்தேன். மருமகள் வந்த முதல் தீபாவளிக்கு இதே மேசையில் உட்கார்ந்து அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன்: ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால் 6-3, மட்டையை அசைக்காமல் அவுட் ஆனால் கே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். அவள் உன்னைவிடச் சுத்தமாக எழுதுகிறாள். கட்டங்களுக்குள் அடங்கும் அந்தப் பச்சை மை எழுத்தைப் பார்க்கவே அழகாக இருக்கிறது. இந்த ஆண்டுப் புத்தகத்தில் மே மாதத்தோடு பச்சை மை நின்றுவிடுகிறது. அதன் பிறகு உன் கையெழுத்து மட்டும் இருக்கிறது. ஜூலையில் சாண்ட்லர் வீசிய ஓர் ஆட்டத்தில் ஐந்தாம் இன்னிங்ஸுக்குப் பிறகு எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. மழை வந்து நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸும் நடந்திருக்கிறது. சிறு வயதில்கூட நீ எந்த ஆட்டத்தையும் பாதியில் விட்டு வந்தவன் இல்லை. 12 ஓட்டங்கள் பின்தங்கிய ஆட்டத்தில், நாளைக்குப் பள்ளி இருக்கிறது என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தபோதும், கடைசி அவுட்டை எழுதிவிட்டுத்தான் எழுந்தாய். வேறு எதையும் நான் கேட்கவில்லை, புத்தகத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

தோல்விச் செய்தி கேட்க எனக்குப் பயம் என்று நீ நினைத்தால் அது தவறு. நம் நட்சத்திர வீரன் பாரி பாண்ட்ஸ் நம்மை விட்டுச் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன குளிர்காலத்தில் நீ என் வயிற்றில் இருந்தாய். நீ பிறந்த 1993இல் தொடங்கியது, 2012 வரை 20 ஆண்டுகள் தொடர்ந்து, வென்றதைவிடத் தோற்றதே அதிகம். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் வேறு எந்த அணிக்கும் இப்படி ஒரு தொடர் அமைந்ததில்லை. இந்தப் புதிய மைதானம் 2001 ஏப்ரலில் திறந்தபோது உனக்கு எட்டு வயது. அன்று காலையில்தான் நம் பழைய நட்சத்திர வீரர் ஸ்டார்ஜெல் இறந்த செய்தி வந்தது, அன்றே சின்சினாட்டியிடம் 8-2 என்று தோற்றோம். அப்போதும் நான் சமையலறையில் வானொலியை நிறுத்தியதில்லை. தோற்றாலும் எத்தனைக்கு எத்தனை என்று எனக்குத் தெரிய வேண்டும். ஸ்கோர் தெரியாமல் தூங்கப் போவதுதான் என்னால் முடியாத காரியம்.

2013 அக்டோபர் முதல் தேதி நடந்த சின்சினாட்டி ஆட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். நீ கல்லூரியிலிருந்து வந்திருந்தாய், மைதானமே கறுப்புச் சட்டையில் இருந்தது. நாற்பதாயிரம் பேர் சேர்ந்து எதிரணிப் பந்துவீச்சாளன் குவெட்டோவின் பெயரை ராகம் போட்டுக் கூவியதில் அவன் கையிலிருந்து பந்து நழுவி விழ, அடுத்த பந்தை நம் ரஸ்ஸல் மார்ட்டின் வேலிக்கு வெளியே அடித்தான். அன்று நீ என்னைத் தூக்கிவிட்டாய். என் இடுப்பு அதற்குப் பிறகு பல நாள் வலித்தது, உன்னிடம் நான் சொல்லவில்லை. இருபது வயது வரை ஒரு நல்ல ஆண்டைக்கூடப் பார்க்காமல் ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை என் பிள்ளை என்று எனக்குள் ஒரு பெருமை இன்றும் உண்டு.

ஒரு மாத எண்களை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஏப்ரலில் .150 அடிப்பவன் செப்டம்பரில் .280இல் நிற்பான். மூன்று மாதமும் சரியில்லை என்றாலும் அவசரப்படக் கூடாது. எதற்காகச் சொல்கிறேன் என்று கேட்காதே.

செப்டம்பரில் நானும் அப்பாவும் நம் இன்னொரு கீழ்நிலை அணி ஆடும் அல்டூனாவுக்குப் போய், இளம் வீரன் கானர் கிரிஃபினைப் பார்த்து வந்தோம். பத்தொன்பது வயதில், ஒரே ஆண்டில் பிராடென்டன், கிரீன்ஸ்பரோ, அல்டூனா என்று மூன்று படி ஏறி, .333 அடித்து, 21 ஹோம் ரன்னும் 65 பேஸ் திருட்டுமாக முடித்திருக்கிறான். உயரமான பையன், முதல் பேஸில் நிற்கும்போதே அடுத்த பேஸ் தன்னுடையது என்பது போல நிற்கிறான். அப்பா வழக்கம்போல வலப்புற வேலிக்குப் பின்னால் தெரியும் ராட்டினத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, மாகி ஆடிய மைதானம் இதுதானே என்று கேட்டார். அவருக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது எனக்கே ஆச்சரியம்.

உனக்கு நினைவிருக்கும். 2010இல் நம் அணி பதினைந்தாம் சுற்றில் எடுத்து, பிறகு பல அணிகளில் அலைந்து, கீழ்நிலை அணிகளின் மைனர் லீகில் பதின்மூன்று பருவம், 1,155 ஆட்டம் ஆடியவன் ட்ரூ மாகி. ஒருமுறை மினசோட்டாக்காரர்கள் மேலே கூப்பிட்டு, ஒரு பந்துகூட ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். 2023 ஏப்ரல் 26 அன்று, முப்பத்து மூன்று வயதில், அல்டூனாவிலிருந்து வந்து டாட்ஜர்ஸுக்கு எதிராக எட்டாம் இன்னிங்ஸில் மட்டையோடு நடந்து வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. ஸ்ட்ரைக் அவுட் ஆனான். அதற்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று இரவு நீங்கள் இருவரும் ஒரே தொலைபேசியில் ஒருவர் பேச்சை மற்றவர் முந்திக்கொண்டு பேசினீர்கள். மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று நாள் கழித்து அவன் முதல் ஹிட் அடித்தான், சில நாளில் அல்டூனாவுக்கே திரும்ப அனுப்பிவிட்டார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை, அவன் பூமி ஆளவும் இல்லை. அவன் அத்தனை பருவங்களிலும் வீட்டுக்குத் தொலைபேசி செய்து என்ன சொல்லியிருப்பான் என்றுதான் எனக்கு யோசனை ஓடுகிறது. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லியிருப்பானா?

நீ அதைத்தான் சொல்கிறாய். பின்னணியில் முன்பெல்லாம் பாத்திரச் சத்தமும் அவள் குரலும் கேட்கும். இப்போது காரிலிருந்து பேசுகிறாயா, வீட்டிலிருந்து பேசுகிறாயா என்றே தெரிவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நன்றி நவிலும் நாளுக்கு வருவதாக இருந்தால் கொலம்பஸ் வழியாக இரவில் ஓட்டி வராதே. ஆறு மணி நேரப் பயணம், பகலில் கிளம்பு. வராவிட்டாலும் சாப்பிடு.

நம் அபிமான ஆட்டக்காரன் மெக்கட்சனைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிக் கொடுத்தபோது நீ இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, இனி இந்த அணியைப் பார்க்கவே மாட்டேன் என்றாய். ஐந்து ஆண்டு கழித்து அவன் திரும்பி வந்த ஏப்ரலில், வயதாகிவிட்டது, பழைய வேகம் இல்லை என்று இந்த ஊரில் எவரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆட்டத்தையே நிறுத்திவைத்து அவனுக்குக் கைதட்டினார்கள். உன் அறையில் புது விரிப்பு போட்டிருக்கிறேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

மார்ச்சில் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களுக்கு நாங்கள் பிராடென்டன் போவதாக இருக்கிறோம். கிரிஃபினைப் பெரியவர்களோடு ஆட விடுவார்கள் என்று நம்புகிறேன். காலையில் பக்கத்துப் பயிற்சித் திடல்களில் இன்னும் பெயர் வெளியே தெரியாத பிள்ளைகள் ஆடுவதைச் சும்மா போய்ப் பார்க்கலாம். உனக்கு அதுதான் பிடிக்கும். அப்பாவுக்கு வெயில் ஆகாது என்பதால் மூன்றாம் பேஸ் பக்கத்து நிழல் இருக்கைகளை இப்போதே வாங்கிவிட வேண்டும். மூன்று பேரா, நான்கு பேரா என்று மட்டும் எழுது. மூன்று என்றால் நான் காரணம் கேட்கமாட்டேன், அப்பாவையும் கேட்கவிடமாட்டேன். நான்கு என்றால் மருமகளுக்கு வரிசை ஓர இருக்கை போடச் சொல்கிறேன், அவள் நடுவில் உட்கார்ந்தால் எழுத முடிவதில்லை என்பாள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் பதில் வந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா