கண்ணில் படுவதற்கான நிறம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனது லேசானது. மருத்துவர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மகன் தனிக்குடித்தனம் போய்விட்டதால் அவனுடைய அறை காலியானது. சில நாட்கள் அந்தக் கதவைத் திறக்கவே மனம் வரவில்லை. பிறகு அவனே வந்து மேசையை ஜன்னலோரமாக நகர்த்தி, "இனி இது உங்கள் பட்டறை" என்று சொல்லிவிட்டுப் போனான். காற்றோட்டமும் பகல் வெளிச்சமும் உள்ள இடம். பெயிண்ட் அடிக்க இதைவிட என்ன வேண்டும்?

நீ கேட்டதற்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகளாகப் போர் விமானங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளையே செய்துவந்தவன் ஏன் திடீரென்று தீயணைப்பு விமானத்தில் இறங்கினாய் என்று கேட்டிருந்தாய். நிறம்தான் காரணம். நாம் இருவரும் இதுவரை செய்ததை எல்லாம் நினைத்துப் பார். சாம்பல், ஆலிவ் பச்சை, மண் நிறம், கடல் நீலம். எதிரியின் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட நிறங்கள் அவை. தீயணைப்பு விமானத்துக்குத் தேவை இதற்கு நேர் எதிரானது. புகை மண்டிய பள்ளத்தாக்கில் மரங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டு பறக்கும் விமானம், பின்னால் வரும் விமானிக்கும் கீழே நிற்கும் தீயணைப்பு வீரருக்கும் உடனே தெரிய வேண்டும். அந்த மஞ்சளும் சிவப்பும் வேலைக்காக அடிக்கப்பட்டவை. இது மனதில் பதிந்ததிலிருந்து, ஒரு மாதிரியைச் செய்யும் ஒவ்வொரு படியையும் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் எடுத்திருப்பது கனடேர் சிஎல்-415, 1/72 அளவு, அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இதன் மூத்த வடிவமான சிஎல்-215 முதன்முதலில் பறந்தது 1967 அக்டோபர் 23 அன்று. வேறு எதற்கோ கட்டப்பட்ட விமானத்தில் தொட்டியைப் பொருத்திச் சமாளித்துக்கொண்டிருந்த காலத்தில், காட்டுத் தீயை மனதில் வைத்தே வரைபடத்திலிருந்து உருவாக்கப்பட்ட விமானம் அது. 1990 வரை 125 விமானங்கள் கட்டினார்கள். அதில் 18 சிலிண்டர்கள் கொண்ட பிஸ்டன் என்ஜின்கள் இரண்டு. 1993இல் பறந்த 415இல் டர்போபிராப் என்ஜின்கள், அதாவது காற்றாடியைச் சுழற்றும் டர்பைன் என்ஜின்கள், வந்தன. மாதிரி செய்பவன் இந்த வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். 415இன் என்ஜின் கூடு ஒல்லியாக நீண்டிருக்கும், காற்றாடிக்கு நான்கு இலைகள், இறக்கை நுனியில் மேல்நோக்கிய சிறு தகடுகள், வால் கிடைத்தகட்டில் கூடுதலாகச் செங்குத்துத் துடுப்புகள், வயிற்றில் தண்ணீர் கொட்டும் கதவுகள் இரண்டுக்குப் பதிலாக நான்கு. மாதிரிப் பெட்டிகள் தயாரிக்கும் ஹெல்லர் நிறுவனம் இரண்டையுமே இந்த அளவில் வெளியிட்டிருக்கிறது. எதை வாங்கினாலும், எந்த நாட்டின் எந்த எண்ணுள்ள விமானம் என்பதை முதலில் முடிவுசெய்து, அதன் படங்களைச் சேர்த்துக்கொண்ட பிறகே கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். நான் பிரான்சின் சிவில் பாதுகாப்புப் படை விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன். வானொலியில் அவற்றின் அழைப்புப் பெயர் 'பெலிகான்'. முன்பு மரின்யானில் இருந்தவை, 2017 முதல் நீம் நகரத்து விமானதளத்திலிருந்து பறக்கின்றன.

அது தண்ணீர் எடுக்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏரியிலோ கடலிலோ இறங்கி நிற்பதில்லை. நீர்ப்பரப்பை உரசியபடி வேகமாக ஓடும்போது, வயிற்றில் இருக்கும் படி போன்ற முறிவுக்குப் பின்னால் இரண்டு சிறிய உறிஞ்சு வாய்கள் கீழே நீளும். அந்த வேகமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும், பம்ப் எதுவும் தேவையில்லை. 12 வினாடிகளில், ஏறத்தாழ 410 மீட்டர் ஓட்டத்தில், 6,137 லிட்டர் நிரம்பிவிடுகிறது. உடனே மேலெழும்பித் தீயை நோக்கிப் போகிறது. ஒரு மாலை இதையெல்லாம் 1/72க்குச் சுருக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். 410 மீட்டர் 5.7 மீட்டராகிறது, என் அறையின் நீளத்தைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விடும். விமானத்தின் நீளமோ 27 சென்டிமீட்டர் சொச்சம். ஆறு டன்னுக்கும் மேற்பட்ட அந்தத் தண்ணீர் 16 மில்லி லிட்டராகிறது, மூன்று தேக்கரண்டி. சிரிஞ்சில் 16 மில்லி எடுத்து மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த உடம்பின் எவ்வளவு பங்கு தண்ணீர் என்பது உறைத்தது.

ஒட்டும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இது படகின் அடிப்பகுதி கொண்ட விமானம். உடலின் இரு பாதிகளும் சேரும் கோடு வயிற்றின் நடுவிலேயே ஓடுகிறது. அதைப் புட்டியால் நிரப்பி, ஈர உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஆனால் பக்கவாட்டில் தண்ணீரை வெட்டும் அந்தக் கூரிய விளிம்பு மழுங்கிவிடக் கூடாது. விளிம்பின் இருபுறமும் டேப் ஒட்டிக்கொண்டு தேய்த்தால் காப்பாற்றலாம். சக்கரங்களில் நிறுத்துவதாக இருந்தால் உடலை மூடுவதற்கு முன் மூக்கினுள் எஃகு உருண்டைகளைப் போட்டு ஒட்டிவிடு, இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். இறக்கை ஒரே நேர்கோடு என்பதால் கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணில் குத்தும். நுனியில் தொங்கும் மிதவைகள் வேறு அந்தச் சாய்வைக் காட்டிக்கொடுக்கும். மிதவைகளை நான் கடைசியில்தான் ஒட்டினேன்.

இனி மஞ்சள். உனக்கு மஞ்சள் என்றாலே பயம் என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் நியாயமானதுதான். மற்ற நிறங்களைப் போல அது கீழே இருப்பதை மூடி மறைக்காது. சாம்பல் பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக அடித்தால் பச்சை கலந்த நோயாளி நிறமாகத் தெரியும். மூடுகிறதா பார்ப்போம் என்று மேலும் மேலும் அடித்தால் பூச்சு தடித்து, தகடுகளின் கோடுகள் எல்லாம் நிரம்பிப் போகும். மஞ்சளின் தரத்தை அதன் அடியில் இருக்கும் பூச்சுதான் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் சாம்பல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. அது நிறத்துக்காக அன்று, இணைப்புகளில் விட்டுப்போன கீறல்களைக் கண்டுபிடிப்பதற்காக. அவற்றைச் சரிசெய்த பிறகு வெள்ளை பிரைமர், அல்லது இளஞ்சிவப்பு.

இந்த இளஞ்சிவப்பு விஷயத்தை நீ நம்ப மாட்டாய். பிளாஸ்டிக் கரண்டிகளில் சோதித்துப் பார். ஒரு கரண்டிக்கு வெள்ளை அடி, இன்னொன்றுக்கு இளஞ்சிவப்பு அடி, மேலே ஒரே மஞ்சள், ஒரே அளவு. வெள்ளையின் மேல் எலுமிச்சையின் குளிர்ச்சி வரும். இளஞ்சிவப்பின் மேல் முட்டைக் கருவின் சூடு வரும். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படங்களோடு ஒப்பிட்டேன். கனடேரின் மஞ்சள் சூடான மஞ்சள். இளஞ்சிவப்பையே எடுத்துக்கொண்டேன். அதன் மேல் நன்றாக நீர்த்த மஞ்சளை, பெயிண்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து, மெல்லிய மூடுபனிபோல அடுக்கடுக்காக. முதல் அடுக்கைப் பார்த்தால் வேலை கெட்டுவிட்டதாகவே தோன்றும். பொறுமையாகக் காயவிட்டுத் தொடர்ந்தால் நிறம் தானாகக் கூடிவரும். கடைசி அடுக்கில் ஒரு சொட்டு வெள்ளை கலந்து இறக்கையின் மேல்புறத்தில் மட்டும் தூவினேன். வெயிலில் கிடக்கும் விமானத்தின் மேற்பரப்பு சற்று வெளிறித்தான் இருக்கும்.

சிவப்பு எப்போதும் மஞ்சளுக்குப் பிறகுதான். சிவப்பை மஞ்சளால் மூட எவராலும் முடியாது. எல்லைக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டியதும், விளிம்பின் மேல் மறுபடியும் மஞ்சளையே ஒரு முறை அடித்துவிடு. டேப்பின் அடியில் கசிவு இருந்தால் கசிவது மஞ்சளாகவே இருக்கும், அது காய்ந்து இடைவெளியையும் அடைத்துவிடும். அதன்மேல் சிவப்பு. முழுதாகக் காயும் முன்பே டேப்பை மெதுவாக, பின்பக்கமாக மடித்து இழுத்தேன். கத்தியால் வெட்டியதுபோல் கோடு வந்தது. இந்தப் பொழுதுபோக்கில் இந்த நொடிக்கு ஈடானது எனக்கு வேறில்லை. பிறகு பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் எண்களும் சின்னங்களும் அச்சிட்ட டீகால் ஒட்டுப்படம். கரடான பரப்பில் டீகாலை ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறத்தில் மினுங்கும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அழுக்குப் படுத்தும் கட்டத்தில்தான் உன்னோடு வாதிட விரும்புகிறேன். போர் விமானத்தில் செய்வதுபோல் துருவும் உரிந்த பெயிண்டும் புகையுமாக இதையும் மூழ்கடிப்பது இப்போது பலரின் வழக்கமாகிவிட்டது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மை ஆகாது. கடல்நீரை அள்ளும் விமானத்தை உப்பு அரித்துவிடும் என்பதால் தளத்துக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவுகிறார்கள். பராமரிப்புக்காரர்களின் உழைப்பு அந்தச் சுத்தத்தில் இருக்கிறது. அதை நாம் அழித்துவிடக் கூடாது. எனவே என்ஜின் புகைபோக்கிக்குப் பின்னால் மெல்லிய கரி, வயிற்றில் நீர் வழிந்த சாயல், தகடுகளின் கோடுகளில் நீர்த்த பழுப்பு. இவ்வளவு போதும். கோடுகளுக்குக் கறுப்பைத் தொடவே தொடாதே, மஞ்சளின் மேல் அது பேனாவால் வரைந்த படம்போல் ஆகிவிடும். பிஸ்டன் என்ஜின் கொண்ட 215 என்றால் எண்ணெய்க் கசிவைக் கொஞ்சம் தாராளமாகக் காட்டலாம்.

215 என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 ஜூலையில் கிரேக்கத்தின் ஈவியா தீவில் தீயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு சிஎல்-215 விழுந்து நொறுங்கி, இரு விமானிகளும் இறந்தார்கள். அந்தக் காணொளியை ஒரு முறைதான் பார்த்தேன், மறுபடி பார்க்கும் துணிவில்லை. மாதிரியின் விமானி அறைக்குள் இருக்கைகளுக்குப் பட்டை வெட்டி ஒட்டும்போது அவர்கள் நினைவு வந்தது. கண்ணாடி மூடிய பிறகு அந்தப் பட்டைகள் அநேகமாகத் தெரியாது. ஆனாலும் நான்கையும் ஒழுங்காக ஒட்டினேன்.

உன் பேரன் ட்ரோன் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாயே, அவனிடம் ஒன்று சொல்லி வை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின்போது, கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு 415இன் இறக்கையில் யாரோ பறக்கவிட்ட ட்ரோன் மோதி ஓட்டை போட்டுவிட்டது. ஊர் எரிந்துகொண்டிருந்த வேளையில் அந்த விமானம் பழுதுபார்க்கத் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. தீ எரியும் இடத்தின் மேல் எக்காரணம் கொண்டும் ட்ரோனைப் பறக்கவிடக் கூடாது.

இப்போது என் யோசனை எல்லாம் மாதிரியை எப்படி வைப்பது என்பதில்தான். சக்கரங்களில் நிறுத்தினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மனம் தண்ணீரையே கேட்கிறது. பலகையில் கருநீலமும் பச்சையும் கலந்து அடித்து, அதன்மேல் தெளிவான அக்ரிலிக் ஜெல்லைத் தட்டித் தட்டிச் சிற்றலைகளாக்கி, வயிற்றின் முறிவிலிருந்து பின்னால் சீறும் தெறிப்பைப் பஞ்சு இழையும் ஜெல்லும் சேர்த்து உருவாக்கலாம் என்று நினைக்கிறேன். ரெசின் ஊற்றலாம்தான். ஆனால் தடிமனாக ஊற்றினால் இறுகும்போது சூடேறும், பிளாஸ்டிக் அதைத் தாங்காது. காற்றாடியைச் சுழல்வதாகக் காட்டுவதற்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. மெல்லிய ஒளிபுகும் வட்டத் தகடு பலருடைய தீர்வு. எனக்கு அது கண்ணுக்குப் பொய்யாகவே படுகிறது. இலைகளே இல்லாமல் வெறும் நடுக்கூம்பை மட்டும் வைத்துவிடலாமா? உன் கருத்தை எழுது.

நீ வாங்கி வைத்திருக்கும் கேட்டலினா என்ற பழைய பறக்கும் படகின் மாதிரியைப் பற்றியும் பேச வேண்டும். அதைக் கறுப்பு அடித்து, பசிபிக்கில் இரவில் பறந்த 'கறுப்புப் பூனை' விமானமாகச் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். தடுக்கவில்லை. ஆனால் போருக்குப் பிறகு அதே கேட்டலினாக்களில் பல தண்ணீர் சுமக்கப் போயின. கனடாவில் 'கான்சோ' என்ற பெயரில் காட்டுத் தீயை அணைத்தன. பிரான்சும் 1963இல் கேட்டலினாக்களோடுதான் தொடங்கியது. இரவில் எவர் கண்ணிலும் படாமல் பறந்த உடலுக்குப் பகலில் எல்லோர் கண்ணிலும் படும் நிறம் கிடைத்தது. ஒரே அச்சிலிருந்து இரண்டையும் செய்யலாமே. நீ கறுப்பைச் செய், நான் இன்னொரு பெட்டி வாங்கி மஞ்சளைச் செய்கிறேன். ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கட்டும்.

மார்ஸ் என்ற ராட்சத விமானத்தைச் செய்யும் ஆசையும் எனக்கு உண்டு. 61 மீட்டர் இறக்கை, 27,000 லிட்டர் தண்ணீர், அமெரிக்கக் கடற்படைக்குச் சரக்கு சுமக்கப் பிறந்து பிரிட்டிஷ் கொலம்பியாவின் காடுகளைக் காத்த பறக்கும் படகு. சிவப்பும் வெள்ளையுமான ஹவாய் மார்ஸ் 2024 ஆகஸ்டில் தன் கடைசிப் பயணமாக அருங்காட்சியகத்துக்குப் பறந்து போனதை நேரலைக் காட்சியில் பார்த்து நெகிழ்ந்து போனேன். ஆனால் 1/72இல் அதன் இறக்கை 85 சென்டிமீட்டர் வரும். அதை எங்கே வைப்பாய் என்று மனைவி கேட்கிறாள், பதில் இல்லை.

கேட்டலினா பெட்டியைத் திறந்ததும் பக்கவாட்டு உருண்டைக் கண்ணாடிகள் விரிசல் இல்லாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார். இளஞ்சிவப்பு பிரைமர் ஒரு குப்பி மீதம் இருக்கிறது, அடுத்த வாரம் அனுப்புகிறேன். கரண்டிச் சோதனையைச் செய்துவிட்டு, எந்த மஞ்சள் உன் கண்ணுக்குச் சரியென்று பட்டது என எழுது.

அன்புடன்,
உன் நண்பன்